‘தானே’ தெரிந்த பிள்ளைக்கு குவெஸ்ஷன் டேக் படிப்பிப்பது எப்படி?

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்து ஒரு வருடமே ஆன ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “தரம் 5 பிள்ளைகளுக்கு குவெஸ்ஷன் டேக் அட்டவணையை எழுதிப்போட்டுப் பாடமாக்க வைத்தேன். கொப்பியில் இடைவெளியைச் சரியாக நிரப்புகிறார்கள். வாயைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ தான் வருகிறது. நான் எங்கே பிழை விட்டேன்?”

தங்கச்சி, வசனத்தின் கடைசியில் ஒட்டும் ‘ஆர்ன்ட் யூ?’, ‘டஸின்ட் ஷீ?’ போன்ற சின்னக் கேள்விகளின் அந்த அட்டவணையை ஒரு மாதத்துக்கு அலுமாரியில் வையுங்கள். முதலில் பிள்ளைகளுக்குச் சின்னப் பதில் சொல்லப் பழக்குங்கள். ‘யெஸ், ஐ ஆம்’, ‘நோ, ஷீ டஸின்ட்’, ‘யெஸ், தே கேன்’ என்பவை யோசிக்காமல் வாயில் ஓட வேண்டும். அது ஓடினால் குவெஸ்ஷன் டேக் முக்கால்வாசி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நகரத்திலும் பிறகு மூதூர்ப் பக்கத்திலுமாக 28 வருடம் இந்தப் பாடத்தைப் படிப்பித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். ஏன் என்று விளக்குகிறேன்.

எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ வருவதற்குக் காரணம் பிள்ளையின் சோம்பலும் இல்லை, உங்கள் கவனக்குறைவும் இல்லை. நம் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள். ‘நீ வாறாய்தானே?’ ‘அப்பா கடலுக்குப் போயிட்டார்தானே?’ ‘அவங்க நாளைக்கு வரமாட்டாங்கதானே?’ ஆள் மாறுகிறது, காலம் மாறுகிறது, மூன்றாவது வசனம் எதிர்மறையாகவே வந்துவிட்டது. ‘தானே’ மட்டும் அசையவில்லை. சிங்களத்தில் ‘நேத’ என்பதும் இப்படித்தான். பிரெஞ்சிலும் ஜேர்மன் மொழியிலும்கூட ஒரே தொடரை எந்த வசனத்துக்கும் பின்னால் ஒட்டிவிடலாம். ஆங்கிலத்துக்குத்தான் வசனத்துக்கு வசனம் வேறு வால் தேவைப்படுகிறது. நம் பிள்ளை ‘தானே’க்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடி, அடிக்கடி காதில் விழுந்த ‘இஸின்ட் இட்’டைப் பிடித்துக்கொள்கிறது. மொழியறிவு உள்ள பிள்ளை செய்யக்கூடிய காரியம்தான் அது. அதற்காகச் சிரிக்கவோ ஏசவோ கூடாது.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. குவெஸ்ஷன் டேக்கின் பொருள் பிள்ளைக்குப் புதிதல்ல. முதல் பாடத்தில் பத்து நிமிடம் தமிழிலேயே பேசுங்கள். ‘எப்போது தானே போடுவீர்கள்?’ என்று கேளுங்கள். ஒருமுறை தரம் 4 இல் ஒரு பெண்பிள்ளை, “தெரிஞ்சதைத்தான் கேக்கிறது ரீச்சர்” என்றாள். அதைவிட நல்ல வரைவிலக்கணத்தை நான் எங்கும் படித்ததில்லை. தெரிந்ததை உறுதிப்படுத்தக் கேட்கிறோம், அல்லது மற்றவரையும் பேச்சுக்குள் இழுக்கக் கேட்கிறோம். இது பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்துவிட்டால், ‘ஆங்கிலத்திலும் வசனத்துக்கு ஒரு வால் உண்டு, அந்த வால் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்’ என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். வகுப்பில் நான் அதை ‘வால்’ என்றே சொல்லிவந்தேன். பிள்ளைகளும் அப்படியே சொல்வார்கள்.

சரி, வால் ஏன் கடினம்? ஒரு வாலைச் செய்வதற்குப் பிள்ளை ஒரே மூச்சில் மூன்று வேலை செய்ய வேண்டும். ‘இஸ்’, ‘கேன்’, ‘டஸ்’ போன்ற துணைவினையைக் கண்டுபிடிக்க வேண்டும், பெயருக்குப் பதிலாக ‘ஹீ’, ‘ஷீ’, ‘தே’ போன்ற சுட்டுப்பெயர் போட வேண்டும், உடன்பாட்டை எதிர்மறையாகப் புரட்ட வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளை திணறும். அட்டவணை இந்த மூன்றையும் ஒன்றாகத்தான் கொடுக்கிறது. கொப்பியில் பொறுமையாக யோசித்து நிரப்பும் பிள்ளைக்குப் பேசும்போது யோசிக்க நேரம் இல்லை.

சின்னப் பதிலில் முதல் இரண்டு வேலைகளும் இருக்கின்றன. ‘டஸ் யுவர் மதர் குக்?’ என்று கேட்டால் ‘யெஸ், ஷீ டஸ்’ என்று சொல்லும் பிள்ளை, துணைவினையையும் பிடித்துவிட்டது, அம்மாவை ‘ஷீ’ ஆக்கியும்விட்டது. முறையான ஆங்கிலப் பாடம் நம் பாடசாலைகளில் தரம் 3 இல்தான் தொடங்குகிறது. தரம் 1, 2 இல் செயற்பாடுகளோடு சேர்ந்த வாய்மொழி ஆங்கிலம் மட்டும். ஆகவே தரம் 3 தொடக்கம் தினமும் வரவு கூப்பிடும்போது இரண்டு மூன்று கேள்வி கேளுங்கள். ‘ஆர் யூ ஹங்ரி?’ ‘கேன் யூ ஸ்விம்?’ ‘இஸ் யுவர் பிரதர் ஹியர்?’ ‘யெஸ்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்த விடாதீர்கள். ‘யெஸ், ஐ கேன்’ வரும் வரைக்கும் சிரித்த முகத்தோடு காத்திருங்கள்.

இதற்கும் வாலுக்கும் நடுவே இன்னொரு படி இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதை நான் ‘அப்படியா’ விளையாட்டு என்பேன். ஒரு பிள்ளை ஒரு செய்தி சொல்லும், பக்கத்துப் பிள்ளை ‘அப்படியா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும். ‘மை ஃபாதர் இஸ் அ ஃபிஷர்மன்.’ ‘இஸ் ஹீ?’ ‘ஐ கேன் கிளைம்ப் ட்ரீஸ்.’ ‘கேன் யூ?’ ‘மை சிஸ்டர் லைக்ஸ் பிட்டு.’ ‘டஸ் ஷீ?’ இது ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாள் முழுவதும் சொல்லும் இயல்பான பேச்சு. பயிற்சிக்காக ஆக்கிய வசனம் இல்லை. இதில் புரட்டல் வேலை கிடையாது, உடன்பாடு உடன்பாடாகவே நிற்கிறது. இரண்டு வாரம் இந்த விளையாட்டை ஓட விடுங்கள். அப்புறம் புரட்டலைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளையே போதும்.

புரட்டலுக்கு நான் சொல்லும் ஒரே சட்டம்: ‘வசனத்தில் ஒரு நொட்தான். தலையில் இருந்தால் வாலில் இல்லை, தலையில் இல்லாவிட்டால் வாலில் வரும்.’ ‘யூ ஆர் டயர்ட், ஆர்ன்ட் யூ?’ ‘யூ ஆர்ன்ட் டயர்ட், ஆர் யூ?’ உடன்பாடு, எதிர்மறை என்ற சொற்கள் தரம் 5 க்குத் தேவையில்லை. தலையும் வாலும் போதும்.

எந்தத் துணைவினையில் தொடங்குவது என்பதும் முக்கியம். முதலில் ‘இஸ்’, ‘ஆர்’. பிறகு ‘கேன்’. இவை வசனத்திலேயே கண்ணுக்குத் தெரிகின்றன. பிள்ளை அதையே எடுத்துப் பின்னால் வைத்தால் போதும். கடைசியாகத்தான் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’. உங்கள் வகுப்பில் பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். காரணம், அவை ஒளிந்திருக்கின்றன. ‘ஷீ லைக்ஸ் மேங்கோஸ்’ என்ற வசனத்தில் ‘டஸ்’ எங்கே இருக்கிறது என்று கேட்டால் பிள்ளை விழிக்கும்.

இதை நான் நாடகமாகவே காட்டுவேன். ‘ஷீ’, ‘லைக்’, ‘மேங்கோஸ்’ என்று மூன்று பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். நாலாவது பிள்ளை ‘டஸ்’. அது ‘லைக்’குக்குப் பின்னால் குந்தி ஒளிந்திருக்கும். அதன் கை மட்டும் வெளியே நீண்டு ‘ஸ்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்திருக்கும். வகுப்பு வாசிக்கும்: ‘ஷீ லைக்ஸ் மேங்கோஸ்.’ இப்போது நான் கை தட்டினால் ‘டஸ்’ எழும்பி, தன் அட்டையையும் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு ஓடும். ‘ஷீ’யும் அதன் பின்னால் ஓட வேண்டும். ‘டஸின்ட் ஷீ?’ அடுத்த வசனம் ‘தே லைக் மேங்கோஸ்’. இங்கே ஒளிந்திருப்பது ‘டூ’, அதன் கையில் அட்டை இல்லை. ‘வென்ட்’ என்பதற்கு மடித்த அட்டை ஒன்று செய்வேன். மூடியிருந்தால் ‘வென்ட்’, விரித்தால் ஒரு பக்கம் ‘டிட்’, மறுபக்கம் ‘கோ’. ‘ஏட்’, ‘சோ’, ‘கேம்’ எல்லாவற்றுக்கும் பிள்ளைகளே அட்டை செய்வார்கள். ஒளிந்திருப்பவரைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறக்காது. இந்த நாடகத்துக்குப் பிறகு ‘ஷீ டஸ் லைக்ஸ்’ என்ற பழைய பிழையும் குறைந்துவிடும், ஏனென்றால் அட்டை ஒன்றுதான் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.

சுட்டுப்பெயரில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மை மதர் இஸ் குக்கிங், ஆர்ன்ட் தே?’ என்று எழுதிய கொப்பிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. வீட்டில் ‘அம்மா சமைக்கிறாங்க’ என்று மரியாதைக்குப் பன்மையில் சொல்லும் பிள்ளை, ஆங்கிலத்திலும் அம்மாவுக்கு மரியாதை கொடுத்து ‘தே’ என்கிறது. ‘ஆங்கிலத்தில் அம்மாவும் ஷீ, தங்கச்சியும் ஷீ, அது மரியாதைக் குறைவு இல்லை’ என்று ஒருதரம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதேபோல் ‘திஸ்’, ‘தட்’ வாலில் ‘இட்’ ஆகும். ‘தீஸ்’, ‘தோஸ்’ என்பவை ‘தே’ ஆகும். ‘தெயர்’ மட்டும் அப்படியே நிற்கும்.

உதாரணங்களைப் புத்தகத்துக்கு வெளியே தேடுங்கள். ஊர் முழுவதும் கிடக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கும் மான்களைப் பார்க்காத பிள்ளை நகரத்தில் இல்லை. ‘த டியர் ஆர் ஈட்டிங் கிராஸ், ஆர்ன்ட் தே?’ ‘டியர்’ என்ற சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றுதான், ஆகவே ‘ஆர்’ என்பதைப் பார்த்துத்தான் ‘தே’ என்று பிடிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல வேலை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளை வைத்து ஒரு பாடமே நடத்தலாம். ‘தெயர் ஆர் செவன் வெல்ஸ், ஆர்ன்ட் தெயர்?’ ‘த வோட்டர் இஸ் ஹொட், இஸின்ட் இட்?’ ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை என்பதால் ‘திஸ் வெல் இஸின்ட் வெரி ஹொட், இஸ் இட்?’ என்று எதிர்மறையும் தானாக வரும்.

‘டிட்’ படிப்பிக்கும்போது நகரத்துப் பிள்ளைகளை வீட்டில் அப்பப்பா, அம்மம்மாவிடம் பழைய கதை கேட்டுவரச் சொல்வேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தப் பக்கம் போகிறவர்கள் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தார்கள். ‘பீப்பிள் வென்ட் பை ஃபெரி, டிடின்ட் தே?’ ஆனால் கிண்ணியாவில் படிப்பிக்கப் போனால் இந்த உதாரணத்தை எடுக்காதீர்கள். 2021 இல் அங்குள்ள குறிஞ்சாக்கேணியில் இப்படியொரு பாதை கவிழ்ந்து மாணவர்கள் இறந்தார்கள். அந்த வகுப்பறைகளில் அது இலக்கணத்துக்கான வசனம் இல்லை.

இனித்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விடயம். அட்டவணை வைத்துப் படிப்பிக்கும் எவரும் இதைத் தொடுவதில்லை. வாலைச் சொல்லப் பழக்குகிறோம், வாலுக்குப் பதில் சொல்லப் பழக்குவதில்லை.

தமிழில் ‘நீ சாப்பிடல்லதானே?’ என்று கேட்டால், சாப்பிடாத பிள்ளை ‘ஓம், சாப்பிடல்ல’ என்று சொல்லும். கேட்டவர் சொன்னது சரி என்பதற்குத்தான் அந்த ‘ஓம்’. ஆங்கிலத்தில் ‘யூ ஹேவின்ட் ஈட்டன், ஹேவ் யூ?’ என்று கேட்டால், சாப்பிடாத பிள்ளை ‘நோ, ஐ ஹேவின்ட்’ என்று சொல்ல வேண்டும். ‘யெஸ்’ என்றால் சாப்பிட்டதாக அர்த்தம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்துபோன பிறகு, நம் பாடசாலைகள் முகாம்களாக இருந்த நாட்களில் இதை என் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டுப் பொதி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் அன்பாகக் குனிந்து இதே கேள்வியை ஒரு பிள்ளையிடம் கேட்டார். பிள்ளை தலையை ஆட்டி ‘யெஸ்’ என்றது. அவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் ஓடிப்போய் விளக்கி ஒரு பொதி வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என் வகுப்புப் பிள்ளை. குவெஸ்ஷன் டேக் பயிற்சியில் முழுப் புள்ளி எடுத்த பிள்ளை. அன்றைக்குப் பிறகு பதில் சொல்லும் பயிற்சி இல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடித்ததே இல்லை.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘கேள்வியைப் பார்க்காதே, நடந்ததைப் பார். செய்தால் யெஸ், செய்யாவிட்டால் நோ.’ கேள்வி எந்தப் பக்கம் புரண்டாலும் பதில் மாறாது. பயிற்சிக்கு ஒரே பிள்ளையிடம் இரண்டு விதமாகவும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘யூ லிவ் இன் உப்புவெளி, டோன்ட் யூ?’ ‘யூ டோன்ட் லிவ் இன் உப்புவெளி, டூ யூ?’ உப்புவெளிப் பிள்ளைக்கு இரண்டுக்கும் ‘யெஸ், ஐ டூ’ தான். நிலாவெளிப் பிள்ளைக்கு இரண்டுக்கும் ‘நோ, ஐ டோன்ட்’ தான். முதல் நாள் தடுமாறுவார்கள். மூன்றாம் நாள் ஒருவரை ஒருவர் மடக்கி விளையாடத் தொடங்குவார்கள்.

குரலையும் விடக்கூடாது. வாலின் கடைசியில் குரல் ஏறினால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறோம், இறங்கினால் தெரிந்துகொண்டு ஆமோதிப்பை எதிர்பார்க்கிறோம். ‘தானே’யிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது, பிள்ளைக்குக் காது பழகியதுதான். கையை அலைபோல் மேலே, கீழே காட்டிச் சொல்லச் சொன்னால் போதும். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் ‘இட்ஸ் ஹொட், இஸின்ட் இட்?’ என்று குரலை ஏற்றிச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

எதையெல்லாம் தள்ளிப்போடலாம்? ‘ஐ ஆம்’ என்பதற்கு ‘ஆர்ன்ட் ஐ’, ‘லெட்ஸ்’ என்பதற்கு ‘ஷல் வீ’ என்ற இரண்டையும் விளக்கமில்லாமல் அப்படியே பழக்கிவிடலாம். ‘லெட்ஸ் பிளே, ஷல் வீ?’ என்று இடைவேளையில் சொல்லிப் பழகட்டும். ‘நெவர்’, ‘நோபடி’ போன்ற சொற்கள் வசனத்தை எதிர்மறையாக்கிவிடுவதால் அவற்றுக்கு ‘நொட்’ இல்லாத வால் வரும் என்பதும், ‘எவ்ரிபடி’க்கு ‘தே’ வரும் என்பதும் தரம் 6 க்குப் பிறகு போதும். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். ‘ஹீஸ் கோயிங்’ என்பதில் ஒளிந்திருப்பது ‘இஸ்’, ‘ஹீஸ் கோன்’ என்பதில் ‘ஹேஸ்’. ‘ஹீ புட் இட் ஹியர்’ என்பதில் ‘ஸ்’ அட்டை இல்லாததால் அது இறந்தகாலம், ஆகவே ‘டிடின்ட் ஹீ’. வினாத்தாள் தயாரிக்கும்போது இந்த மாதிரி வசனங்களைப் பிள்ளைக்குப் பொறியாக வைக்காதீர்கள்.

எழுத்தில் நான் திருத்துவது இரண்டே இரண்டு. வாலுக்கு முன்னால் கொமா, கடைசியில் கேள்விக்குறி இருக்க வேண்டும். மற்றது ‘இஸின்ட்’டில் வரும் மேற்கொமா. பாதிப் பிள்ளைகள் அதை ‘இஸ்’ முடிந்த உடனே போடுவார்கள். ‘நொட்’டில் நடுவே இருந்த ஓ எழுத்து விழுந்துவிட்டது, அது விழுந்த இடத்தில்தான் மேற்கொமா நிற்கிறது என்று காட்டினால் சரியாகிவிடும். பேச்சில் ஒரு தடவைக்கு ஒரு பிழைதான் திருத்த வேண்டும். சுட்டுப்பெயர் படிப்பிக்கும் வாரத்தில் துணைவினைப் பிழை காதில் விழுந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெற்றோர் சிலர் கேட்பார்கள்: ‘ஒஃபீஸ்ல எல்லாரும் யூ ஆர் கமிங், நோ? எண்டுதானே கேக்கிறாங்க, அது பிழையா?’ இலங்கையில் ஆங்கிலம் பேசுகிறவர்களிடையே அது ஊன்றிப்போன வழக்கு. லண்டனிலேயே இளைஞர்கள் எல்லா வசனத்துக்கும் ‘இனிட்’ என்று ஒரே வாலை ஒட்டுகிறார்கள். பிள்ளை விளையாட்டு முற்றத்தில் ‘நோ?’ என்று கேட்டால் நான் தடுக்கமாட்டேன். பரீட்சைத் தாளிலும், பிற்பாடு வாசிக்கப்போகும் புத்தகங்களிலும் மற்ற வடிவம்தான் வரும் என்பதால் அதையும் கையில் கொடுக்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு பிள்ளை வீட்டில் ஒரு தமிழ் பேசுகிறது, கட்டுரையில் இன்னொரு தமிழ் எழுதுகிறது. இதுவும் அப்படித்தான் என்றால் பெற்றோருக்கு உடனே விளங்கும்.

திங்கட்கிழமை வரவு கூப்பிடும்போதே தொடங்கிவிடுங்கள். பெயரைக் கூப்பிட்டு ‘ஆர் யூ ஹியர்?’ என்று கேளுங்கள். ‘பிரசன்ட் ரீச்சர்’ என்றுதான் முதலில் வரும். ‘யெஸ், ஐ ஆம்’ என்று நீங்கள் சொல்லிக்காட்டுங்கள். பிறகு வராத பிள்ளையின் கதிரையைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ‘இஸ் ஷீ ஹியர்?’ என்று கேளுங்கள்.